ஒரு வண்டி, ஐந்து படங்கள்

மெஹராஜ் பேகத்தின் தள்ளுவண்டி மூன்று வருடங்களுக்கு முன் ஒரே காலையில் ஐந்து கடைகளாக இருந்தது.

ஏழரை மணிக்கு அது ஞானாம்பாளின் இட்லிக்கடை. வண்டியின் மேல் இட்லிக் குண்டானும் சாம்பார் வாளியும் இருந்தன, இரண்டிலும் ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு வானதியின் காய்கறிக்கடை. மூன்று பரங்கிக்காய், ஒரு கட்டு முளைக்கீரை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய கத்தரிக்காய். எட்டேகாலுக்கு எழில்மொழியின் கருவாட்டுக்கடை. அதன் பிறகு ஹாஃபிஸா தன் பீரோவிலிருந்த நைட்டிகளை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"எல்லாம் துவைச்சதுதான். போட்டோவுல தெரியவா போகுது" என்றாள்.

கடன் கம்பெனியின் ஆள் ராஜ்குமார் ஒவ்வொரு முறையும் போனைத் தூக்கிப் பிடித்து, "சிரிங்கக்கா. ரொம்ப வேணாம். வியாபாரம் நடக்குற மாதிரி" என்றான்.

தொழில் தொடங்கப் பெண்களுக்குக் கடன் என்றுதான் அந்தக் கம்பெனி முத்துப்பேட்டைக்கு வந்தது. ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. ஆளுக்கு முப்பதாயிரம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் அவளுக்காகக் கட்ட வேண்டும். ஆனால் ராஜ்குமாரின் போனில் இருந்த ஆப், கடன் வாங்குபவள் தன் தொழிலோடு நிற்கும் படம் ஒன்றைக் கேட்டது. படம் ஏறாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. தொழில் தொடங்கத்தான் கடன். கடனுக்கோ தொழில் வேண்டும். இதை ராஜ்குமாரிடம் வானதி கேட்டபோது அவன் தலையைச் சொறிந்தான். "ஆப் கிட்ட நானும் கேட்டுப் பாத்துட்டேங்க்கா" என்றான்.

தெருவில் உண்மையான தொழில் வைத்திருந்தவள் மெஹராஜ் ஒருத்திதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாலை நான்கு மணிக்கு வண்டியை நிறுத்தி வாடா போடுவாள். இடித்த அரிசி மாவில் தேங்காயும் சின்ன வெங்காயமும் சோம்பும் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, மேலே ஓர் இறாலை அழுத்தி எண்ணெயில் போடுவது. எட்டு மணிக்குள் சட்டி காலி. அதனால் மற்றவர்கள் வண்டியைக் கேட்டபோது அவள் யோசிக்கவில்லை. அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக்குள் வைத்து, வண்டியைத் துடைத்துக் கொடுத்தாள். வானதிக்கு மகனின் பாலிடெக்னிக் பீஸ். எழில்மொழிக்குக் குத்தகை நிலத்துக்கு விதையும் உரமும். ஹாஃபிஸாவுக்கு அடகிலிருந்த கழுத்துச் சங்கிலி. ஞானாம்பாளுக்கு ஒழுகுகிற கூரை. எதுவும் பொய்யான தேவை இல்லை. படம்தான் பொய்.

கடைசியாக மெஹராஜின் முறை வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"சாமானையெல்லாம் திரும்ப ஏத்தணுமாக்கா? எனக்கு இடும்பாவனத்துல கூட்டம் இருக்கு" என்றான் ராஜ்குமார்.

"எனக்குத்தான் நெசமாவே கடை இருக்கே தம்பி. இப்படியே எடுங்க" என்றாள் மெஹராஜ்.

அப்படித்தான் அவளுடைய படத்தில் மட்டும் வண்டி காலியாக நின்றது.

ஐந்து பேரும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஹாஃபிஸாவுக்குப் பிரசவம் ஆன மாதத்தில் மற்ற நால்வரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். அவளும் பிறகு பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். முதல் கடன் முடிந்து, இரண்டாவது கடனும் முடிந்தது. வண்டி பற்றி யாரும் நினைக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில்தான் நினைக்க வேண்டி வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மழைநீர் வடிகால் கட்டப் போகிறார்கள், வண்டிகள் எல்லாம் மாத முடிவுக்குள் நகர வேண்டும் என்று பேரூராட்சியிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே நகர்வது என்று சொல்லவில்லை. அதே வாரத்தில், நிலையத்தின் வாசலை ஒட்டியிருந்த சின்ன அறையைக் காலி செய்துகொண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் போனார். இடத்துக்குச் சொந்தக்காரர் அப்துல் ஜலீல் மெஹராஜைக் கூப்பிட்டுப் பேசினார்.

"வாடகை நாலாயிரத்து ஐநூறு. அட்வான்ஸ் அறுபது. செல்போன் கடைக்கு ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். நீ நம்ம ஊரு பொண்ணு, பத்து நாள் தர்றேன். அடுத்த திங்களுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாதும்மா."

பத்து நாளில் அறுபதாயிரம். கணவர் ஜாஃபர் சாதிக் குவைத்தில் பதினோரு வருடம் லாரி ஓட்டி, முதுகு எலும்பு நகர்ந்து, மூன்று பெல்ட்டுகளோடும் ஒரு பெட்டியோடும் ஊருக்கு வந்தவர். இப்போது உட்கார்ந்தபடி இறால் உரிப்பார், வெங்காயம் அரிவார். பள்ளிவாசலின் பொதுநிதியான பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் உண்டு. ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் போகாது. வட்டிக்கு வாங்குவதில் ஜாஃபருக்கு எப்போதும் மனசு ஒப்பாது. ஒவ்வொரு முறையும், "அல்லாஹ் மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு இறாலை உரிப்பார். தடுத்ததில்லை.

கம்பெனியில் புதிதாக ஒரு கடன் வந்திருந்தது. ஒழுங்காகக் கட்டியவர்களில், உண்மையாகத் தொழில் செய்கிறவருக்கு மட்டும் தனியாக ஒரு லட்சம். மெஹராஜ் அன்றைக்கே ராஜ்குமாருக்குப் போன் செய்தாள். அவனும் அன்றைக்கே விண்ணப்பம் போட்டான்.

செவ்வாய்க்கிழமை ராஜ்குமார் வந்தான். வழக்கமாக வாசலில் நின்றே கூப்பிடுகிறவன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படக்கூடாது. தஞ்சாவூர் ஆபீஸ்ல உங்க குழு போட்டோவ எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டாங்க. பச்சை வண்டி, மூணு சக்கரம் கருப்பு, ஒரு சக்கரம் சில்வர். அஞ்சு போட்டோவுலயும் அதே."

உள்ளே வெங்காயம் அரியும் சத்தம் நின்றது.

"வண்டி யாரோ ஒருத்தரோடது, மத்தவங்க இரவல்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கடனெல்லாம் கட்டி முடிஞ்சதால அதுக்கு மேல கிளறல. முதல் போட்டோ ஞானாம்பா அக்காவோடது. அதுல சாமானும் இருக்கு. அதனால வண்டி அவங்களோடதுன்னு எழுதிட்டாங்க."

"என்னோடது?"

"கடைசி போட்டோ. அதுல வண்டி காலியா இருக்கு." அவன் டம்ளரைப் பார்த்தபடி சொன்னான். "தொழில் இல்லை, இரவல் வண்டின்னு போட்டிருக்காங்கக்கா."

மெஹராஜுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியதில் இருமல் வந்தது. "ஏழு வருஷமா நான் அங்க நிக்கிறேன். நீயே வாரத்துக்கு மூணு நாள் தின்னுருக்க. சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அப்ப மத்த நாலு போட்டோ யாரு எடுத்தான்னு கேப்பாங்க." அவன் எழுந்தான். "அந்த நாலு பேருக்கும் பேர் கெட்டுடும். இனி எந்தக் கம்பெனியிலயும் கடன் கிடைக்காது. எனக்கு வேலை போயிடும். அதுக்காகச் சொல்லலன்னு நெனைக்காதீங்க. அதுக்காகவும்தான்."

வாசல்வரை போய்த் திரும்பி, "ஞானாம்பா அக்கா பேர்ல கேட்டா கிடைக்கும். வியாழக்கிழமை ஒரு மேடம் நேர்ல பாக்க வருவாங்க" என்றான்.

மெஹராஜ் தெருவின் மறுகோடிக்குப் போனாள். அவர்கள் தெரு முடிகிற இடத்தில்தான் ஞானாம்பாளின் வீடு, அதற்கப்பால் வயல். நடவுக் காலம். இரண்டு வருடங்களுக்கு முன்வரை இந்த மாதத்தில் ஞானாம்பாள் பகலில் வீட்டில் இருந்ததில்லை. பன்னிரண்டு பெண்கள் கொண்ட கொத்துக்குத் தலைவியாக இருந்து நடவுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். இப்போது அப்பால் வயலில் இயந்திரம் ஒன்று வரிசை பிசகாமல் நாற்றை ஊன்றிக்கொண்டு போனது. ஞானாம்பாள் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, ஒரு ஆம்பள உக்காந்துக்கிட்டே நடுறான்" என்றாள். "எங்க இடுப்பு அப்பவே போச்சு. இது அப்பவே வந்திருந்தா என்ன?"

மெஹராஜ் விஷயத்தைச் சொன்னாள். ஞானாம்பாள் கேட்டு முடித்துவிட்டு வாயில் கைவைத்துச் சிரித்தாள்.

"அடிப்பாவி. அப்ப நான்தான் முதலாளியா?"

"ஆமா முதலாளியம்மா."

"சம்பளம் போட்டுத் தர்றேன், ஒழுங்கா வேல பாரு." சிரிப்பு மெதுவாக அடங்கியது. "ஒரு லட்சம். என் பேர்ல."

"மாசா மாசம் நான் கட்டிடுவேங்க்கா. ஒரு மாசம் தவறாது. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"நீ கட்டுவ. அது தெரியும்." ஞானாம்பாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஜாஃபர் தம்பியால முடியாது. என் கூரைக்குப் போட்ட தகரத்தக்கூடக் கம்பெனிக்காரன் பிரிச்சுட்டுப் போயிடுவான்."

"அப்படி ஆகாதுக்கா."

"ஆகாதுதான். ஆனா ராத்திரி படுத்தா நெனப்பு வருமுல்ல." தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டு, "சரி, நீ அன்னிக்கி வண்டி குடுத்த. அதுக்கு நான் இதச் செய்யாட்டி எப்படி?" என்றாள். "அந்த மேடம் வந்தா நான் என்ன பண்ணணும்?"

"வாடா போடணும்."

"நானா?" என்றாள் ஞானாம்பாள்.

இரண்டு நாள் பாடம் நடந்தது. மாவு எவ்வளவு, ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை வாடா, எண்ணெய் காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது. ஞானாம்பாள் கணக்குகளை உடனே பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு பேரின் கூலியை மனசிலேயே வைத்துப் பழகியவள். கைதான் வரவில்லை. நாற்று முடியைப் பிரித்துப் பழகிய விரல்கள் மாவை அழுத்திவிடும். வட்டம் வருவதற்குள் விளிம்பு பிளந்துவிடும். ஜாஃபர் பிளந்ததையெல்லாம் எடுத்து ஒட்டிக் கொடுத்தார்.

"பரவாயில்லக்கா, இருட்டுல தெரியாது" என்றார்.

"அந்த மேடம் சாயங்காலம் அஞ்சு மணிக்கே வர்றாங்களாம்" என்றாள் மெஹராஜ்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வந்தவரின் பெயர் பிரகதீஸ்வரி. நாற்பது வயதிருக்கும். தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியிருந்தார். காட்டன் புடவை, தோளில் பை, கையில் டேப்லெட். ராஜ்குமார் கூடவே வந்து, வண்டிக்கு நான்கடி தள்ளி வேறு யாருடனோ வந்தவன் மாதிரி நின்றுகொண்டான். சாலையின் அதே ஓரத்தில் பொக்லைன் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தது. இன்னும் இரண்டு வண்டி தூரம் தோண்டினால் மெஹராஜின் இடம்.

சட்டிக்குப் பின்னால் ஞானாம்பாள் நின்றாள். மெஹராஜ் பக்கவாட்டில் நின்று பேப்பர் கிழித்து அடுக்கினாள்.

"நீங்கதான் ஞானாம்பாளா? எத்தனை வருஷமா இந்தத் தொழில்?"

"ஏழு வருசம் மேடம்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி?"

"நாலு கிலோ. நோன்பு மாசத்துல பத்து."

"எண்ணெய்?"

ஞானாம்பாள் தயங்காமல் சொன்னாள். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பதையும் சொன்னாள். பிரகதீஸ்வரி டேப்பில் தட்டிக்கொண்டே வந்தார்.

"இறால் எங்க வாங்குறீங்க?"

"கோவிலூர்ப் பக்கத்துலேருந்து காலையில வரும். நடுத்தர சைஸ். ரொம்பப் பெருசுன்னா வேகாது."

"ருசி எப்படி இருக்கும், அந்த சைஸ்ல?"

"அது எனக்குத் தெரியாதுங்க மேடம், இறால் எனக்கு ஒத்துக்காது. தின்னா உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும்" என்றாள் ஞானாம்பாள்.

ராஜ்குமார் பேருந்து நிலையத்தின் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். அதே நேரத்தில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது. சட்டியில் கிடந்த ஆறு வாடாக்களும் ஓரத்தில் கறுத்தன. ஞானாம்பாள் கரண்டியை விட்டுக் கிளறியதில் இரண்டு உடைந்து, இறால்கள் தனியே மிதந்தன. ஆட்டோ ஓட்டும் உபைதுல்லா வழக்கம்போல வந்து நின்றான்.

"என்னக்கா, இன்னிக்கி வாடா கரிக்கட்டையா இருக்கு? கடைய வித்துட்டீங்களா?" என்றான், மெஹராஜைப் பார்த்து.

மெஹராஜால் அதற்கு மேல் முடியவில்லை. அடுப்பைக் குறைத்தாள். ஞானாம்பாளின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, கருகியதை அள்ளி ஓரத்தில் போட்டு, ஒரு கை மாவை எடுத்தாள். ஐந்து விரலும் ஒரு சுற்றுச் சுற்றின, வட்டம் வந்தது. இறாலை வைத்து அழுத்திச் சட்டியின் ஓரமாக வழுக்கிவிட்டாள். நான்கு போட்டு முடித்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

பிரகதீஸ்வரி டேப்பை அவள் பக்கம் திருப்பினார். அதில் மூன்று வருடத்துக்கு முந்திய மெஹராஜ், காலி வண்டிக்குப் பக்கத்தில் நின்று லேசாகச் சிரித்தாள்.

"இது நீங்கதானே? உங்க வண்டியில ஏன் ஒண்ணுமே இல்ல?"

வேலைக்கு இருக்கிறேன் என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. தன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வண்டியின் முன்னால் நின்று, அதைச் சொல்ல அவளால் ஆகவில்லை.

"என் சாமான நான்தான் மேடம் இறக்கி வெச்சேன். அவங்க சாமான் வைக்கணும்னு." நிறுத்தி, வாடாக்களைத் திருப்பினாள். "அவங்க யாரும் காச ஏமாத்தல. மூணு வருஷம் ஒரு வாரம் தவறல. எழுதுறதா இருந்தா அதயும் எழுதிக்குங்க."

பிரகதீஸ்வரி டேப்பைப் பைக்குள் வைத்துவிட்டு வடிகால் பள்ளத்தைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பேருந்தில் மூன்று மணி நேரம் வந்த அலுப்பு இருந்தது.

"எழுதுனா அஞ்சு பேரும் அவுட். அந்தப் பையனும் அவுட்" என்றார். "பழைய போட்டோவ விசாரிக்க என்னை அனுப்பல. ஞானாம்பாள்னு ஒருத்தங்க தொழில் பண்றாங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. பாத்தேன். பண்ணல."

"ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போட முடியாதுங்களா?" என்று கேட்டாள் மெஹராஜ்.

"கூட விண்ணப்பிக்கிறவர் புருஷனா இருக்கணும், இல்லேன்னா மகனா இருக்கணும். வேற கட்டம் அதுல கிடையாது. உங்க பேர்ல தொழில் இல்லைன்னு ஏறிப்போச்சு. அத மாத்தணும்னா காரணம் எழுதணும். காரணம் எழுதுனா மத்ததெல்லாம் வெளிய வரும்."

அதுவரை சட்டியையே பார்த்துக்கொண்டிருந்த ஞானாம்பாள் நிமிர்ந்தாள்.

"மேடம், இன்னிக்கி ராத்திரி ஊருக்குத் திரும்பணுமா?"

"அக்கா வீடு திருத்துறைப்பூண்டியில. அங்க தங்குறேன். ஏன்?"

"அப்ப காலையில ஆறரைக்கு இங்க வாங்க. என் போட்டோவுல இட்லிதானே இருக்கு? இட்லி போட எனக்கு வரும். முப்பது ஆளுக்கு அறுப்புக் களத்துல ஆக்கிப் போட்டிருக்கேன். இதே வண்டியில போடுறேன். வந்து பாருங்க."

"காலையில ஒரு நாள் போட்டா அது தொழில் ஆயிடுமா?"

"தினம் போடுறேன்."

"ஆறு மாசம் கழிச்சு நான் மறுபடி வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்."

"வாங்க" என்றாள் ஞானாம்பாள்.

பிரகதீஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு வாடா வாங்கி, காசு கொடுத்து, பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துப் பக்கம் நடந்தார். ராஜ்குமார் பின்னாலேயே ஓடினான்.

அவர்கள் போன பிறகு மெஹராஜ் அடுப்பை அணைத்தாள். விற்க இன்னும் பாதி மாவு இருந்தது.

"தினம்னா? நாளைக்கு மட்டுந்தானே?" என்றாள்.

"தினந்தான்."

"அப்ப கடை வந்தா கடையிலயும்?"

"கடையிலயும். காலையில எனக்கு." ஞானாம்பாள் கையைத் துடைத்தாள். "இங்க பாரு மெஹராஜு. பொய்ய ஒரு தரம் சொல்லிட்டேன், முப்பதாயிரத்துக்கு. ஒரு லட்சத்துக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. இப்ப பாத்தேல்ல, வாயே குளறுது. மெய்யாவே கடை நடத்துனா எனக்குப் பயமில்ல. பாதிக் கடன நானே கட்டிப்பேன். அதுக்கு இடம் வேணும்."

"ஏழு வருஷமா நான் ஒத்தையில உண்டாக்குனது அக்கா இது."

"தெரியும்."

"மழையில நின்னிருக்கேன். அவரு படுத்த படுக்கையா இருந்தப்ப, மூத்திரப்பைய மாத்திட்டு வந்து இங்க நின்னிருக்கேன். என் கடை. என் பேர்ல ஒரு கடைன்னு நெனைச்சேன்."

மெஹராஜ் சாமான்களை அடுக்கினாள். இருவரும் சேர்ந்துதான் வண்டியைத் தள்ளினார்கள். ஞானாம்பாளின் வீட்டுக்குப் பிரியும் இடத்தில் வண்டி நின்றது. மெஹராஜ் கைப்பிடியை விடவில்லை. காலையில் வண்டியைக் கொடுக்காவிட்டால் போதும். ஞானாம்பாள் சண்டைக்கு வரமாட்டாள். அந்த மேடம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் போய்விடுவார். திங்கட்கிழமை அந்த அறையில் செல்போன் கவர்கள் தொங்கும். மாத முடிவில் அவள் நிற்கும் இடத்தில் பள்ளம் இருக்கும். ஐப்பசியில் மழை.

"எத்தன மணிக்கு விட்டுருவீங்க கடைய?" என்று கேட்டாள்.

"பதினொண்ணுக்கு."

"கழுவி?"

"கழுவித்தான். என்ன நெனச்ச என்னைய?"

"இட்லித் தட்டெல்லாம் மேல் அலமாரியில இருக்கணும். என் சட்டிப் பக்கம் வரக்கூடாது."

"சரி."

"கடன் உங்க பேர்ல இருக்கட்டும். ஜலீல் பாய்கிட்ட வாடகை எழுத்து என் பேர்ல எழுதணும்."

ஞானாம்பாள் அதை யோசித்தாள். நீளமாகவே யோசித்தாள். கூலி பேசும்போது மிராசுதார்களை அவள் இப்படித்தான் காக்க வைத்திருப்பாள் என்று மெஹராஜுக்குத் தோன்றியது.

"கடன் என் தலையில, கடை உன் தலையிலயா?"

"நான் ஓடிட்டா கடன் உங்க மேல விழும். நீங்க முறைச்சுக்கிட்டா கடை என்கிட்ட இருக்கும். ரெண்டு பேருக்கும் பயம் இருக்கணும்ல."

"நல்லாப் பேசுற" என்றாள் ஞானாம்பாள். "எழுதிக்க. ஆனா போர்டு வைக்கும்போது என் பேரையும் போடு. கீழயே போடு, பரவாயில்ல."

மெஹராஜ் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சட்டியையும் கண்ணாடிப் பெட்டியையும் மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பிரகதீஸ்வரி வந்தார். குண்டான் நிறைய இட்லி இருந்தது. நின்றுகொண்டே இரண்டு இட்லி தின்றார். சட்னியில் உப்புக் குறைவு என்று சொன்னார். ஒரு படம் எடுத்தார். சனிக்கிழமை பணம் வந்தது. திங்கட்கிழமை ஜலீல் பாய் பத்திரத்தில் மெஹராஜ் பேகம் என்று எழுதினார். செல்போன் கடைப் பையன் வாசலில் நின்று, "என்ன பாய், கடைசியில எண்ணெய்க் கடைக்குக் குடுத்துட்டீங்களே" என்று முனகிவிட்டுப் போனான்.

கடை தொடங்கி முதல் பத்து நாள் மழை. மாலையில் வாடாவுக்குக் குறைவில்லை. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் சும்மா நிற்க வெட்கப்பட்டாவது வாங்கினார்கள். காலைதான் சரியில்லை. நான்கு கடை தள்ளி முப்பது வருட இட்லிக்கடை ஒன்று இருந்தது. ஓட்டுநர்களும் நடத்துனர்களும் பழக்கத்தில் அங்கேதான் போனார்கள். பன்னிரண்டாம் நாள் மெஹராஜ் வந்தபோது கடை கழுவித் துடைத்திருந்தது. மேல் அலமாரியில் தட்டுகள் ஒழுங்காக இருந்தன. மூலையில் மூடி போட்ட ஒரு பாத்திரம் இருந்தது. திறந்தாள். நாற்பது இட்லிக்குக் குறையாது. ஞானாம்பாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அந்த நாற்பது இட்லியில் ஞானாம்பாள் கட்ட வேண்டிய பாதிக் கடன் உட்கார்ந்திருப்பதை மெஹராஜ் பார்த்தாள். ஒன்றை எடுத்துப் பிட்டுத் தின்றாள். ஆறியிருந்தது, ஆனாலும் மெத்தென்று இருந்தது. உப்பும் இப்போது சரியாக இருந்தது.

மாலையில் மன்னார்குடிப் பேருந்தின் ஓட்டுநர் வாடாவுக்கு வந்து நின்றார். மெஹராஜ் பேப்பரில் நான்கு வைத்துக் கட்டினாள்.

"காலையில முத ட்ரிப் உங்களுதுதானே? எங்க சாப்பிடுறீங்க?"

"வழக்கமாச் சாப்பிடுற இடந்தான். ஏன்?"

"நாளைக்கி இங்க வாங்க. ஞானாம்பாக்கா இட்லி போடுறாங்க. முப்பது ஆளுக்குக் களத்துல ஆக்கிப் போட்ட கை. நல்லா இல்லேன்னா சாயங்காலம் வந்து என்கிட்ட சொல்லுங்க, ரெண்டு வாடா சும்மா தர்றேன்."

"அவங்க யாரு, உங்க சொந்தமா?"

மெஹராஜ் பொட்டலத்தின் நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கடைக்காரங்க. ஆறு மணிக்கெல்லாம் இருப்பாங்க. கண்டக்டரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வட்டத்தைத் தட்டினாள்.